பூசையறைப் படத்தின் வரலாறு

குடமுழுக்குப் பெருவிழாக் கண்டு, கலச நீர் தலையில் தெளிக்கப்பெற்று, பிரசாதம் ஏந்தி இல்லம் திரும்பும் அன்பர்கள், அன்று மாலை விளக்கேற்றியதும் கைகூப்பி நிற்பது பூசையறைச் சுவரில் மாட்டிய படத்தின் முன்னரே. கருவறையில் இறைவன் கல்லில் எழுந்தருளியிருக்கிறான். திருவீதியில் செப்புத் திருமேனி கொண்டு உலா வருகிறான். நம் இல்லங்களிலோ காகிதத்தில் இருந்து அருள் புரிகிறான். கல்லின் வரலாற்றையும் செம்பின் வரலாற்றையும் அறிஞர் பெருமக்கள் விரிவாக எழுதியுள்ளனர். காகிதத்தின் வரலாற்றை எழுதுவார் அரியர். அது கோயிலுக்குப் புறம்பான செய்தி என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று என்பதையும், திருப்பணி செய்வோர் அதனை அறிந்திருத்தல் இன்று இன்றியமையாதது என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகிறேன்.

புதிய கருவியும் புதிய பொருளும் வந்தபோதெல்லாம் தெய்வ வடிவங்களை ஆக்கும் முறை மாறியே வந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குன்றைக் குடைவித்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி, பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததாக, விசித்திரசித்தன் என்னும் தன் விருதுப் பெயருடன் அங்கே கல்லில் பொறித்தும் வைத்தான். அழியும் பொருள்களால் கோயில் எடுத்து வந்த நாட்டில், அழியாக் கல்லில் எடுத்தேன் என்ற பெருமிதம் அச்சொற்களில் தொனிக்கிறது. அன்று அப்புதுமையைக் கண்டு முகஞ்சுளித்த முதியோரும் இருந்திருக்கக் கூடும். கல்வெட்டு அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பொருள் மாறினால் வழிபாடும் மாறும் என்பதை நம் ஆகமங்கள் நன்கு உணர்ந்திருந்தன. நாற்புறமும் முழுமையாகச் செய்யப்பட்ட வடிவத்தைச் சித்திரம் என்றும், பாதி மட்டும் புடைத்து நிற்பதை அர்த்தசித்திரம் என்றும், சுவரிலோ பலகையிலோ துணியிலோ வண்ணத்தால் தீட்டியதைச் சித்திராபாசம் என்றும் சிற்ப நூல்கள் வகுத்துள்ளன. ஓவியத்தையும் தெய்வ வடிவாக ஏற்ற மரபு நம்முடையது. திருவரங்கத்துப் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. ஆதலின் அவருக்குத் தைலக்காப்பே உண்டு, திருமஞ்சனம் நம்பெருமாளுக்கே. நீராட்ட இயலாத ஓவியத்துக்கு எதிரே கண்ணாடியை நிறுத்தி, அதில் தோன்றும் பிம்பத்துக்கு நீராட்டும் வழக்கமும் உண்டு. இவ்வாறு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறை கண்ட பெரியோர்கள், ஒரே நாளில் ஓராயிரம் பிரதி எடுக்கத்தக்க காகிதத் தெய்வத்தை எதிர்பார்த்திருக்க முடியாது.

காகிதப் படம் வருமுன் இல்லத்தில் தெய்வப் படம் வைத்திருந்தோர் யாவர்? மராட்டியர் காலத்தில் தழைத்த தஞ்சாவூர்ப் பலகைப் படத்தை எண்ணிப் பாருங்கள். பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பூச்சுப் பூசி, மெருகேற்றி, ஆடையணிகளைப் புடைப்பாக எழுப்பி, கற்களைப் பதித்து, பொன் தகடு ஒட்டி, இறுதியில் வண்ணம் தீட்டுவர். அரண்மனையும் மடமும் பெருந்தனவந்தரும் அன்றி மற்றோர் அதனைப் பெறுதல் அரிது. ஏழை எளியோர் இல்லத்தில் விளக்கே தெய்வம். அல்லது மஞ்சள் பிடித்து வைத்த பிள்ளையார். அல்லது சுவரில் இட்ட திருநாமமும் சூலமும்.

இந்நிலையை மாற்றிய கருவி தோன்றியது ஜெர்மனியின் தென்பகுதியாகிய பவேரியாவில். அலாய்ஸ் செனெபெல்டர் என்பவர் தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழிதேடி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்லச்சைக் கண்டுபிடித்தார். நுண்மையான சுண்ணாம்புக்கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கி, எண்ணெய்ப் பசையுள்ள மையால் அதில் வரைவர். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். வரைந்த இடம் நீரை ஏற்காது. வரையாத இடம் ஏற்கும். மை தோய்ந்த உருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிட, கோடுகள் மட்டும் மையைப் பற்றிக்கொள்ளும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். எண்ணெயும் நீரும் ஒட்டா என்று நம் வீட்டுப் பெண்டிர் அறிந்த உண்மையன்றி வேறு மந்திரம் இதில் இல்லை. வண்ணப் படத்துக்கு வண்ணம் ஒன்றுக்கு ஒரு கல் வேண்டும். ஒரே காகிதத்தை மயிரிழையும் பிறழாமல் ஒவ்வொரு கல்லாக ஏற்றி இறக்க வேண்டும். இவ்வாறு அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி, எண்ணெய் வண்ண ஓவியம் போலத் தோன்றச் செய்த படங்களையே ஒலியோகிராப் என்றனர்.

நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டில் பூனாவில் சித்திரசாலை அச்சகமும், அதே ஆண்டில் கல்கத்தாவில் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும் தோன்றிப் புராணப் படங்களை வெளியிட்டன. எனினும் தெய்வப் படம் என்றவுடன் நம் மூத்தோர் நாவில் எழுந்த பெயர் ரவிவர்மா என்பதே. 1848-ஆம் ஆண்டில் கிளிமானூரில் பிறந்த அவர், திருவனந்தபுரம் அரண்மனையில் வளர்ந்த இளமையில், அங்கே எண்ணெய் வண்ண ஓவியத்தில் பெயர் பெற்றிருந்த மதுரை ராமசாமி நாயுடுவிடம் அக்கலையைக் கற்க விரும்பினார். அவர் கற்பிக்க மறுக்க, அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்து கற்பித்தார் என்பது ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் கூற்று. தொழில் மறையைக் காப்போர் ஒருபுறம், அதனைக் கசியவிடுவோர் ஒருபுறம் என்பது எக்கலையிலும் உள்ளதே.

பரோடா மன்னர் வேண்டியபடி புராணக் காட்சிகளை வரையப் புகுந்தபோது, ரவிவர்மாவும் அவர் தம்பி ராஜராஜவர்மாவும் வட இந்தியாவெங்கும் பயணம் செய்தனர். திரௌபதிக்கும் தமயந்திக்கும் எல்லா நாட்டாரும் ஏற்கும் ஆடை எது என்று தேடினர். சேலையே என்று முடிவு செய்தனர். அவ்வோவியங்கள் பம்பாயில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரண்டு வந்து கண்டனர். அவற்றை அச்சிட்டு யாவர்க்கும் கிடைக்கச் செய்யும் எண்ணம் அதற்கு முன்பே விதைக்கப்பட்டிருந்தது. விதைத்தவர் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடுமாறு அவர் கடிதம் எழுதினார். ரவிவர்மா ஒருபடி மேலே சென்று, ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களையும் தொழில் வல்லாரையும் வருவித்து, 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் தாமே அச்சகம் நிறுவினார். பின்னர் அது லோணாவளாவை அடுத்த மளவலிக்கு மாற்றப்பெற்றது. வணிகத்தில் அவருக்கு இலாபம் கிட்டவில்லை. கடன் மிகுந்து, அங்கே பணியாற்றிய ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைகர் என்பவரிடமே அச்சகத்தை விற்றுவிட்டார். 1906-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அச்சகமோ நெடுங்காலம் நடைபெற்று, 1972-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று.

இனி, இப்படங்கள் செய்த மாற்றத்தைக் காண்போம். ஸ்தபதி ஒருவர் திருமேனி வடிக்கும்போது தியான சுலோகத்தை மனத்துள் நிறுத்துவார்; பிறகு தாலப் பிரமாணப்படி அங்கங்களை அளப்பார். மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாலம் எனில், திருமேனியின் உயரம் 124 கூறு. தேவிக்கு மத்திம தசதாலம், 120 கூறு. கண்ணால் கண்ட மாந்தர் எவரும் அதற்கு மாதிரி அல்லர். ரவிவர்மா கற்ற ஐரோப்பிய முறையிலோ, உயிருள்ள மாந்தரை எதிரில் அமர்த்தி, ஒளியும் நிழலும் படியும் விதத்தைக் கண்டு வரைய வேண்டும். ஆகவே அவருடைய லக்ஷ்மி நிழல் விழும் தேவி. மடிப்பு மடிப்பாகச் சேலை அணிந்து, மெய்யான குளத்தில் மெய்யான தாமரையில் நிற்கும் தேவி. சரஸ்வதி வீணை மீட்டி அமர்ந்திருக்க, அருகே மயில். கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயிலில் உள்ள ஞான சரஸ்வதியைத் தரிசித்தோர் அறிவர், அத்தேவியின் கரத்தில் வீணை இல்லை. வீணையேந்திய வடிவமும் பழைய வடிவங்களுள் ஒன்றே. ஆயினும் பல வடிவங்களுள் ஒன்றாக இருந்ததை எல்லார்க்கும் உரிய ஒரே வடிவம் ஆக்கியது அச்சு. வீணை இல்லாத சரஸ்வதியைக் கண்டு, கை பின்னமாகி வீணை போயிற்றோ என்று வினவும் அன்பர்களை இன்றும் காண்கிறோம்.

அறிஞர் சிலர் அக்காலத்திலேயே இப்படங்களைக் கடிந்துரைத்தனர். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும், சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்து பின் கல்கத்தா சென்ற ஹாவெல் துரையும் அவர்களுள் தலையாயவர். தெய்வத்தை நாடக மேடைப் பாத்திரம் போல ஆக்கிவிட்டார், தியானத்தால் காணவேண்டியதை ஊனக் கண்ணுக்குரியதாகத் தாழ்த்திவிட்டார் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். கலை நோக்கில் அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அப்படங்கள் யார் கைக்குச் சென்றன என்பதே அது.

1894-ஆம் ஆண்டில் தெய்வப் படம் அச்சேறியபோது, நம் நாட்டில் கோயில் வாயிலுக்கு உள்ளே அடியெடுத்து வைக்க இயலாத அடியார் எத்தனை பேர்! 1897-ஆம் ஆண்டில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்து அன்பர்கள் சென்று வழிபட்டதற்காக வழக்குத் தொடரப்பட்டு, அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-ஆம் ஆண்டில் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. 1899-ஆம் ஆண்டில் சிவகாசியில் கோயில் நுழைவை ஒட்டிய பூசல் பெருங்கலவரமாய் மூண்டது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கோ கோயில் வீதியும் மறுக்கப்பட்ட இடங்கள் இருந்தன. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் திரு. அ. வைத்தியநாதய்யர் அவ்வன்பர்களை அழைத்துச் சென்றது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, கருவறைத் தீபாராதனையைக் காணக் கொடுத்து வைக்காத கண்கள் காகிதத்தில் இறைவனைக் கண்டன. சந்தையில் காசு கொடுத்தவருக்கெல்லாம் அவன் சென்றான். குலம் கேட்கவில்லை, குடிசை என்று மறுக்கவில்லை. நந்தனாருக்காக விலகி நின்ற நந்தியை நாம் போற்றுகிறோம். இக்கல்லச்சும் அவ்வாறு விலகிய ஒரு நந்தி எனக் கொண்டால் தவறாகுமா?

இவ்வரலாற்றில் வியக்கத்தக்க ஒரு திருப்பமும் உண்டு. எந்தச் சிவகாசியில் கோயில் நுழைவுக்காகக் குருதி சிந்தியதோ, அந்தச் சிவகாசியே பிற்காலத்தில் நாடெங்கும் தெய்வப் படங்களை அச்சிட்டு அனுப்பும் ஊராயிற்று. 1920-களில் அவ்வூரில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிற்று. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்ட வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது. அதற்காகக் கல்லச்சு வந்தது. பின்னர் ஆப்செட் இயந்திரம் வந்தது. அவ்வியந்திரங்களில் முருகனும் மீனாட்சியும் கஜலக்ஷ்மியும் காலண்டர்களாக வெளிவந்தனர். கோயிலுள் புக விடாது தடுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அச்சிட்ட படமே, தடுத்தவர்களின் வழித்தோன்றல்களுடைய பூசையறையிலும் ஏறி அமர்ந்தது.

அப்படங்களை வரைந்தோருள் முதல்வர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற அவர், துறவு நாட்டம் கொண்டு திருவண்ணாமலையில் ரமண மகரிஷிகளின் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கினார். பின்னர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து படுதாக்கள் தீட்டினார். அந்நாடகக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது, தம் மாணாக்கர் சிலருடன் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா முதலிய மாணாக்கர்களுடன் சேர்ந்து வரைந்து, இருவர் கையொப்பமும் இட்ட படங்களும் உண்டு. நாடகப் படுதாவில் தூணும் வளைவும் மலையும் நீர்வீழ்ச்சியும் எவ்வாறு அடுக்கடுக்காகத் தோன்றுமோ, அவ்வாறே அவர் படங்களில் தெய்வத்தின் பின்னே தோன்றும். முகம் மட்டும் நேரே நம்மை நோக்கும். ரவிவர்மாவின் மாந்தர் பலர் எங்கோ நோக்கியிருக்க, கொண்டையராஜுவின் தெய்வங்கள் வணங்குவோன் கண்ணையே நோக்குகின்றன. கருவறையின் முன் நின்று தரிசித்துப் பழகிய ஒருவர் கை அது என்பது என் துணிபு. ஐரோப்பிய முறையைக் கைக்கொண்டும் அதனை வழிபாட்டுக்கு வளைத்துக் கொண்டார்.

படம் வாங்கியோரும் வாளா இருக்கவில்லை. ரவிவர்மா படங்களின் மேல் ஜரிகை தைத்து, மணி கோத்து, பட்டுத்துணியால் சேலை உடுத்திய பெண்மணிகள் பலர். செட்டிநாட்டு இல்லங்களில் அத்தகைய படங்கள் காணப்பட்டன. ஆயிரமாக அச்சிட்ட படம், ஓர் இல்லத்துப் பெண் தைத்த மாத்திரத்தில் அவ்வில்லத்துக்கே உரிய தாயாரானாள். இயந்திரம் ஒன்றுபோல் ஆக்கியதைக் கை மீண்டும் வேறாக்கிற்று. கலைநூல் எழுதுவோர் இத்தையலுக்கு ஓரிரு வரிகளேனும் ஒதுக்கலாம்.

இதுவரை கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்த பயணத்தைக் கூறினேன். திருப்பணிச் செல்வர்கள் கருத வேண்டிய பகுதி, படம் வீட்டிலிருந்து மீண்டும் கோயிலுக்குப் புகுந்த பயணமாகும். கோபுரத்துச் சுதை வேலை நடைபெறும்போது, கட்டளைதாரர் சிலர் காலண்டர் ஒன்றைக் கையில் கொண்டுவந்து, இதுபோலவே செய்து தருக என்று ஸ்தபதியைப் பணிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. சோழர் காலக் கோயில்களின் வடபுறக் கோஷ்டத்தில் துர்க்கை எருமைத் தலையின் மேல் நிமிர்ந்து நிற்பாள். காலண்டரில் அவள் புலியின் மேல் அமர்ந்து வருகிறாள். இரண்டும் தேவியே, ஐயமில்லை. ஆயினும் பழைய சுதை உருவம் சிதைந்த இடத்தில், அதன் எஞ்சிய வடிவை அளந்து பார்க்காமல், காலண்டர்த் தேவியை அங்கே அமர்த்தினால், அவ்வூருக்கே உரியதாக இருந்த ஒரு வடிவம் அன்றோடு மறைகிறது. அதனைச் செய்வித்தவர் பக்தியில் குறைந்தவர் அல்லர். பொருளையும் குறைவின்றிக் கொடுத்தவரே. கன்னத்தில் ரோசா வண்ணமும், விழியில் நடிகையரின் மையும் தீட்டிய ஒரே முகம் தெற்கே குமரி முதல் வடக்கே வேங்கடம் வரை கோபுரங்களில் ஏறிவிட்டதைக் காணும்போது, இது எவ்வூர்த் தாய் என்று கேட்கத் தோன்றுகிறது. சிற்றூர் எல்லையில் கல்லாகவும் சூலமாகவும் மண் பீடமாகவும் இருந்த அம்மன்களுக்கும் இம்முகமே வந்துவிட்டது.

இப்போது கணினியும் இத்துறையில் புகுந்துள்ளது. கல் செதுக்கும் உளியின் வேலையில் ஒரு பகுதியைக் கணினி இயக்கும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. 2022-ஆம் ஆண்டுக்குப் பின், சொல்லால் பணித்த அளவில் படம் வரைந்து தரும் கணினி முறைகள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. விழா அழைப்பிதழ்களிலும் அத்தகைய படங்கள் இடம்பெறத் தொடங்கிவிட்டன. அவற்றை உற்று நோக்குக. சங்கும் சக்கரமும் கை மாறியிருக்கும். கரங்கள் நான்கா ஐந்தா என்று எண்ணவேண்டி வரும். முருகன் வேலில் இரு முனை இருக்கும். காரணம் எளிது. அக்கணினி தியான சுலோகத்தைக் கற்றதன்று. உலகில் கிடைக்கும் படங்களையெல்லாம் கண்டு, அவற்றின் சாயலைத் திரட்டித் தருவது. அவற்றுள் பெரும்பாலன இக்காலண்டர் வழி வந்தனவே. ரவிவர்மா தெய்வத்துக்கு மாந்தரை மாதிரியாகக் கொண்டார். அவருக்குப் பின் வந்தோர் அவர் படத்தை மாதிரியாகக் கொண்டனர். கணினி அப்படங்களின் படங்களை மாதிரியாகக் கொள்கிறது. எனினும் அதே கணினியைக் கொண்டு, பழைய சுதைச் சிற்பத்தையும் கோஷ்ட மூர்த்தியையும் நாற்புறமும் நுட்பமாக அளந்து பதிவு செய்து வைக்கவும் இயலும். திருப்பணிக்குச் சாரம் கட்டிய முதல் வாரத்திலேயே அதனைச் செய்துவிட்டால், பின்னர்ச் செய்யப்படும் உருவம் முன்னிருந்த உருவத்துக்கு வேறானதா என்று ஒப்பிடச் சான்று இருக்கும். கோபுர வண்ணத்துக்குச் செலவாவதில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும்.

இறுதியாக ஒன்று. பின்னமுற்ற கல் திருமேனிக்கும் மரத் திருமேனிக்கும் என்ன செய்யவேண்டும் என்று ஜீர்ணோத்தாரண விதிகள் கூறுகின்றன. கலையைக் கலசத்தில் ஆவாகனம் செய்து, பழைய திருமேனியை நீரில் சேர்ப்பதும், உலோகமாயின் உருக்குவதும் அவற்றுள் அடங்கும். பழுதுற்ற காகிதப் படத்துக்கு விதியில்லை. பிரதிஷ்டை செய்யப்படாதது ஆதலின் விதி வேண்டியதில்லை என்பர் சாத்திரம் வல்லோர். ஆயினும் நம் மக்கள் அதனைக் குப்பையில் இடுவதில்லை. கண்ணாடி உடைந்த படங்களையும், ஆண்டு முடிந்த காலண்டர்களையும், பொட்டு வைத்து வைத்து நெற்றி கரைந்துபோன லக்ஷ்மியையும் கொண்டுவந்து, கோயில் அரசமரத்தடியில் நாகர் சிலைகளின் அருகே சாய்த்து வைத்துச் செல்கின்றனர். மழையும் வெயிலும் மெல்ல மெல்ல அவற்றைக் கரைக்கின்றன.